நூறு சதவீத வசூல், யார் கம்மலில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நுண்கடன் (மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் தரும் சின்னக் கடன்) பற்றிய செய்தி என்றாலே வசூல் விகிதத்தைப் பெருமையாகப் போட்டுவிடுகிறார்கள், ஏழைப் பெண்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று. கட்டுகிறோம்தான். எதை வைத்துக் கட்டுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் குழுக் கூட்டம் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் வீட்டு வாசலிலேயே. பத்துப் பெண்கள், ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். போன மழைக்காலத்தில் பூ விற்கும் அக்காவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார், தவணை வரவில்லை. வசூலுக்கு வந்த பையன் முழுப் பணமும் சேராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான் (அவனையும் சொல்லிக் குற்றமில்லை, டார்கெட் அவன் கழுத்தில்). மல்லேஸ்வரத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியவர்கள் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். சேட்டுக் கடை திறந்ததும் ஒருத்தி கம்மலைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். அன்றைக்குக் கம்பெனி கணக்கில் நாங்கள் நூறு சதவீதம். அடகு வட்டி எந்தக் கணக்கில் வரும்?

ஆந்திராவிலும் 2010 வரை வசூல் பிரமாதம் என்றுதான் சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். என்ற நுண்கடன் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது, அக்டோபரில் கடன் வாங்கியவர்களின் தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகு மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது, அப்புறம் அங்கே வசூலே படுத்துவிட்டது.

ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் நுண்கடன், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் பூ விற்கிறவரின் மாத வருமானத்தை யார் எழுதுகிறார்கள்? "எவ்வளவு வரும்க்கா?" என்று கேட்டுவிட்டு, லோன் பாஸ் ஆகிற மாதிரி பையனே எழுதிக்கொள்கிறான். அதே விதியில் வட்டி உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கர்நாடகத்தில் மிரட்டி வசூலித்தால் 10 ஆண்டு வரை சிறை என்று 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் வந்தது, அதுவும் சாமராஜநகர் பக்கம் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போன பிறகு.

இதை இழுத்து மூடச் சொல்லவில்லை. என் தையல் மெஷின் குழுக் கடனில் வாங்கியது, அதற்கு முன் மீட்டர் வட்டிக்காரனிடம் பட்டதும் மறக்கவில்லை. அடுத்த முறை வசூல் விகிதம் போடும்போது, அதில் எத்தனை தவணையைப் பக்கத்து வீட்டுக்காரி கட்டினாள் என்று கம்பெனியைக் கேட்டுப் போடுங்கள்.

ஒரு வாசகி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு