தறிச் சத்தத்துக்குள் ஒரு எஸ்.ஐ.

பள்ளிபாளையம்

அன்புள்ள வள்ளி,

தீபாவளிக்கே எழுதியிருக்கணும். திட்டறதா இருந்தா இப்பவே திட்டி முடிச்சுடு, எனக்கு உன்கிட்ட வேலை இருக்கு. இங்க எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரையும் அப்படியே, வாயும் அப்படியே. ஜெபா பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. மாப்பிள்ளையைப் பத்தி சரோ சொன்னதை நேர்ல சொல்றேன், கடுதாசியில வேண்டாம்.

விஷயம் என்னன்னா, நான் ஒரு துப்பறியும் நாவல் எழுதறேன். சிரிக்காதே. ஹாஸ்டல்ல மாத நாவலை நடுவுல கிழிச்சு முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்குன்னு படிச்சப்போ, கொலைகாரன் யாருன்னு எப்பவும் எனக்குத்தானே முதல்ல தெரியும்? அந்தத் தகுதி போதும்.

கதாநாயகி ஒரு புது எஸ்.ஐ. ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில பயிற்சி முடிச்ச சூட்டோட எங்க ஊருக்கு வர்றா. நூல் வியாபாரி ஒருத்தர் காணாமப் போன வழக்கைத் தனியா நோண்டப் போய் மாட்டிக்கறா. ஜன்னல் இல்லாத ஒரு குடோன்ல அடைச்சு வைக்கறானுங்க. சுத்தி எல்லாப் பக்கமும் விசைத்தறி. தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. நீ இங்க வந்து தங்கினப்போ ராத்திரி முழுக்கப் புலம்பினியே, அதே சத்தம்தான்.

இதுவரைக்கும் சுகமா ஓடிச்சு. உள்ள இருக்கறவளுக்கு நாள் எப்படித் தெரியும்? இந்த மாதிரிக் கதைகள்ல சோத்துத் தட்டை எண்ணியே கண்டுபிடிச்சுடறாங்க. நடக்கற காரியமா? மிஷேல் சிஃப்ர்னு ஒரு பிரெஞ்சுக்காரர், நிலவியல் படிச்சவர், 1962ல கடிகாரம் இல்லாம ஒரு குகைக்குள்ள இறங்கி ரெண்டு மாசம் இருந்தார். செப்டம்பர் 14 அன்னிக்கு அவரை வெளிய கூப்பிட்டப்போ, அன்னிக்கு ஆகஸ்ட் 20ன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாராம். இஷ்டப்பட்டு இறங்கின மனுஷனுக்கே இருபத்தஞ்சு நாள் கணக்குல வரலை. அடிபட்டுக் கிடக்கற பொண்ணுக்கு என்ன தெரியும்? தட்டு கொண்டு வர்றவன் வேணும்னே நேரத்தை மாத்தினா?

அதனால தறியையே அவளுக்குக் கடிகாரமா வெச்சுட்டேன். ஷிஃப்ட் மாறறப்போ சத்தம் கொஞ்சம் இளைக்கும். கரண்ட் போனா ஒரேயடியா அடங்கும், அப்போ பாங்கு கேக்கும், ஆத்துப் பாலத்துல ரயில் போறது கேக்கும். இதைவிட ஒண்ணு இருக்கு கேளு. ஒருநாள் காலையில நின்ன தறி சாயங்காலம் வரைக்கும் ஓடவே இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை! எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்தப் பகுதி, எந்தத் தேதின்னு பேப்பர்ல போடுவாங்கல்ல? ஸ்டேஷன்ல டீ குடிச்சுக்கிட்டே அவ அதைப் படிச்சிருக்கா. ஒரே மூச்சுல தேதியும் கிடைச்சாச்சு, தான் எந்தப் பக்கம் இருக்கோம்னும் தெரிஞ்சாச்சு. எப்படி? உன் போலீஸ் டிபார்ட்மென்ட்ல யாருக்காவது தோணியிருக்குமா?

தப்பிக்கற இடத்துலதான் கை ஓடலை. நடாஷா கம்புஷ் ஞாபகம் இருக்கா? 1998ல வியன்னாவுல, பத்து வயசுல, பள்ளிக்கூடம் போற வழியில ஒருத்தன் வெள்ளை வேன்ல தூக்கிட்டுப் போயிட்டான். கராஜுக்கு அடியில நிலவறை. போலீஸ் அந்த வேன்காரனைப் போய் விசாரிச்சுட்டுத் திரும்பியிருக்காங்க, வள்ளி. எட்டு வருஷம் கழிச்சு, 2006 ஆகஸ்ட் 23, அந்தப் பொண்ணு அவனோட காரை வேக்யூம் கிளீனர் போட்டுச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தப்போ அவனுக்கு போன் வந்துது. மெஷின் சத்தத்துல கேக்காம அவன் தள்ளிப் போனான். மெஷினை ஓட விட்டுட்டே இவ ஓடிட்டா.

என் எஸ்.ஐ.க்கு இது அச்சா பொருந்துது. தறிச் சத்தத்துல போன் கேக்காம அவன் வாசலுக்குப் போவான், பூட்டாம. ஆனா உசிரோட இருக்கற ஒருத்தி தப்பிச்ச விதத்தை எடுத்து ரயில்ல படிக்கற கதைக்குப் போடலாமா? எழுதவும் முடியலை, விடவும் முடியலை.

இன்னொண்ணு. "போலீஸ்காரிதானே, முதல் நாளே அடிச்சுப் போட்டுட்டு வரவேண்டியதுதானே?" அவர் காபி குடிச்சுக்கிட்டே கேட்டார். அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன். வெளியில வந்தப்புறம் அந்த வியன்னாப் பொண்ணையும் இதைத்தான் கேட்டாங்க. பிடிச்சுட்டுப் போனவன்மேல பாசம்னுகூட ஒரு பேர் வெச்சாங்க, அந்தப் பேரை அவ ஏத்துக்கலை. நீ சர்வீஸ்ல இருந்தப்போ மீட்டுக் கொண்டு வந்த பொண்ணுங்களை யாராவது இப்படிக் கேட்டாங்களா? அவங்க என்ன சொன்னாங்க? நீ சொல்லலாம்னு தோணறதை மட்டும் எழுது.

கடைசியா உன் இலாகா சமாச்சாரம். எஸ்.ஐ.யே காணாமப் போனா அதுக்கும் "பெண் மாயம்"னுதான் எஃப்.ஐ.ஆரா? முதல்ல யார் கவனிப்பாங்க, ரைட்டரா? கிளம்பறதுக்கு முன்னாடி தான் எங்க போறோம்னு ஸ்டேஷன் ஜெனரல் டைரியில அவ எழுதிட்டுப் போனா ரெண்டாம் அத்தியாயத்துலயே கதை முடிஞ்சுடும். எழுதாமப் போக ஒரு காரணம் சொல்லு. அவ முட்டாள்னு தெரியக்கூடாது, சஸ்பெண்டும் ஆகக்கூடாது.

பதிலைப் பொங்கலுக்கு முன்னாடி போடு.

உன்,
மல்லிகா