புகைச் சோதனையில் தேறாத பழைய வண்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

2004-இல் வாங்கிய என் மோட்டார் சைக்கிள் சென்ற மாதம் புகைச் சோதனையில் தேறவில்லை. அக்கால வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. என் வண்டி 5.2 காட்டியது. பட்டறையில் என்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார்கள். பிரித்திருந்தால் வண்டியின் விலையைவிடக் கூலி மிஞ்சியிருக்கும்!

கார்பன் மோனாக்சைடு மிகுந்தால், பெட்ரோலுக்கு ஏற்ற அளவு காற்று கிடைக்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். ஆகவே தூசி அடைத்த ஏர் ஃபில்டர், முழுவதும் திறக்காத சோக் (குளிர்ந்த என்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தடுப்பு), பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை ஆகியவற்றைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். என் வண்டியில் சோக் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. அதையும் ஃபில்டரையும் மாற்றி, என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிக் கொண்டுபோனபோது அளவு 2.1-க்கு இறங்கியது. ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் பெட்ரோல், மட்டும் கூடியிருந்தால் ஸ்பார்க் பிளக்கிலும் வால்வு இடைவெளியிலும் தேடலைத் தொடங்குவதே முறை.

ஆனால் எந்த வாயு எவ்வளவு கூடியது என்பதை நான் சென்ற மையத்தில் எழுதித் தரவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகே கணினித் திரையைக் காட்டினார்கள். புகைச் சோதனைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தரும் நிலையில், தேறாதவர்களுக்கும் அந்த அளவுகளை அச்சிட்டுத் தருமாறு போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி