காசு போகும் இடமும் கை பழகும் இடமும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு நீ மறுபடியும் பேனா பிடித்திருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். இவ்வளவு பணம் புரளும் சவூதி அரேபியா தனக்கு வேண்டிய ஆயுதத்தைத் தானே செய்துகொள்ள ஏன் இன்னும் திணறுகிறது என்று கேட்டிருந்தாய். இருபத்தொரு ஆண்டுகள் அந்த மண்ணில் பட்டறை வேலை பார்த்தவன் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டில் சவூதியின் இராணுவச் செலவு 8,030 கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதே ஆண்டில் இந்தியா செலவிட்டது 8,610 கோடி டாலர். நாம் நூற்று நாற்பது கோடிக்கும் மேற்பட்டவர்கள். அவர்களோ வெளிநாட்டவரையும் சேர்த்துச் சுமார் மூன்றரைக் கோடிப் பேர்தான். ஆனால் 2016இல் ‘தொலைநோக்கு 2030’ என்ற சவூதியின் வளர்ச்சித் திட்டம் வெளியானபோது, இராணுவச் செலவில் 2 சதவீதம் மட்டுமே உள்நாட்டில் தங்குகிறது என்று அந்த ஆவணமே ஒப்புக்கொண்டது. 2030க்குள் அதைப் பாதிக்கு மேல் உயர்த்துவது இலக்கு. அதற்காக 2017இல் அரசின் பொது முதலீட்டு நிதியத்தின் கீழ் ஓர் அரசு ஆயுத நிறுவனத்தையும், இராணுவத் தொழில்களுக்கென ஓர் ஆணையத்தையும் அமைத்தார்கள். 2018இல் 4 சதவீதமாக இருந்த உள்நாட்டுப் பங்கு, 2024 முடிவில் 24.89 சதவீதத்தை எட்டியதாக அந்த ஆணையம் அறிவித்திருக்கிறது.

இந்த அவசரத்தின் காரணத்தை நான் கண்ணால் பார்த்தேன். 2019 செப்டம்பர் 14 அன்று விடியும் முன்பே அப்கைக் எண்ணெய் நிலையத்தில் ட்ரோன்கள் விழுந்தன. குரைஸ் எண்ணெய் வயலை ஏவுகணைகள் தாக்கின. ஒரே நாளில் 57 இலட்சம் பீப்பாய் உற்பத்தி, அதாவது நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி, நின்றுபோயிற்று. எங்கள் பட்டறை அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தது. அடுத்த பத்து நாட்களும் இரவு பகலாக, குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்ச் வளையங்களைக் கடைந்துகொடுத்தோம். கோள வடிவத் தொட்டிகளின் பக்கவாட்டில், அளந்து குத்தியது போல ஒரே மாதிரியான ஓட்டைகள். கோடி கோடியாகக் கொட்டி வாங்கி வைத்திருந்த பேட்ரியாட் என்ற வான்காப்பு ஏவுகணைகள், தாழப் பறந்து வந்த அவற்றைத் தடுக்கவில்லை.

விற்கிறவனின் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் அதே காலத்தில்தான் கற்றார்கள். 2018இல் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி கொல்லப்பட்டதும் ஜெர்மனி ஆயுத ஏற்றுமதியை நிறுத்தியது. பல நாடுகள் கூட்டாகச் செய்யும் டைஃபூன் போர் விமானத்தை பிரிட்டன் சவூதிக்கு விற்க முனைந்தபோதும், 2024 ஜனவரி வரை ஜெர்மனி இசையவில்லை. 2021இல் அமெரிக்கா சில தாக்குதல் ஆயுதங்களைத் தராமல் நிறுத்தி, 2024 ஆகஸ்டில்தான் தடையை விலக்கியது. யேமன் போரில் சவூதி விமானங்கள் போட்ட குண்டுகளில் செத்த குழந்தைகளை நினைக்கும்போது, அந்தத் தடைகளைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சாவி பிறர் கையில் இருக்கிறது என்பது ரியாத்துக்குப் புரிந்துவிட்டது.

இத்தனைக்கும் அல்-கர்ஜ் நகரில் 1950களிலிருந்தே ஆயுதத் தொழிற்சாலை இருக்கிறது. ஜெர்மன் உரிமம் பெற்று ஜி3 துப்பாக்கியை அங்கே செய்தார்கள். 1985இல் பிரிட்டனோடு போட்ட அல்-யமாமா ஒப்பந்தத்தில், டொர்னாடோ விமானங்களுக்கு எண்ணெயையே விலையாகக் கொடுத்தார்கள். விமானம் வந்தது, பழுது பார்க்க வெள்ளைக்காரப் பொறியாளர்களும் வந்தார்கள், வித்தை மட்டும் வரவில்லை. 2018இல் ஸ்பெயினிடம் ஐந்து போர்க்கப்பல்கள் கேட்டபோது, கப்பலின் உடலை ஸ்பெயினின் சான் ஃபெர்னாண்டோவில்தான் கட்டினார்கள். ஆனால் கப்பலின் மூளையான ‘ஹாஸெம்’ போர் மேலாண்மை அமைப்பை சவூதியின் கூட்டு நிறுவனம் செய்தது. இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சவூதியின் தஹ்ரான் நகரில் பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானங்களைப் பூட்டியதும் உள்நாட்டு வேலைதான். ஆனால் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டுவதும், அந்தப் பாகத்தின் வரைபடத்தைத் தானே போடுவதும் ஒன்றல்ல. சதவீதக் கணக்கு காசு எங்கே செலவாயிற்று என்பதைக் காட்டும். கை பழகியிருக்கிறதா என்பதைக் காட்டாது.

தொழிலை இப்படி உள்நாட்டுக்குக் கொண்டுவருவதை அங்கே ‘தவ்தீன்’ என்பார்கள். தாய்மண்ணைக் குறிக்கும் ‘வத்தன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. என்னிடம் வேலை பழகிய அல்-ஹஸா பகுதி இளைஞன் ஒருவன், கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்தில் கடைந்த பாகத்தை எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டரை வைத்து அளந்து, அளவு சரி என்று குறித்துவிட்டான். ஆறியபின் அளந்தபோது ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு குறைந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல், கடைந்த பாகத்தைத் துணி விரித்து அடுக்கி, தேநீர் குடித்துவிட்டு வந்துதான் அளந்தான். அந்தக் காத்திருப்பை எந்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியும்? துப்பாக்கித் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் இப்போது ஏவுகணைத் தளவாடப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவைக் கவனிக்கிறான். புதிய எந்திரங்களெல்லாம் வந்துவிட்டனவாம். ஆனால் வருகிற பையன்கள் திரையைத் தொடுவதோடு சரி, இரும்பைத் தொட்டறியாதவர்கள் என்று போன வாரம் பேசும்போது வருத்தப்பட்டான். திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யில் முதலாண்டில் நம்மை மூன்று மாதம் அரம் பிடித்துத் தேய்க்க வைத்தார்களே, மூலைமட்டத்தை வைத்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து, அதையெல்லாம் அவனிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். அந்தப் பயிற்சி வரிசையை அப்படியே எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்கிறான். என் நோட்டு வெள்ளத்தில் போயிற்று. உன்னுடையது பரணில் இருந்தால், பேரனிடம் சொல்லிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பு. ஓரங்களில் ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியவையும் தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்