சனிக்கிழமை ஓவிய வகுப்பு: மத்தீஸ் போல வெட்டி ஒட்டுவோம்

வணக்கம் பெற்றோர்களே. வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கோயில் மண்டபத்தில், நம் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளில் 5, 6 வயதுக்காரர்களுக்குக் காகித ஓவியம் சொல்லித் தருகிறோம்.

இது பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஹென்றி மத்தீஸ் செய்த முறை. 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் அதிக நேரம் நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைச் சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடியே வெட்டிப் படமாக்கினார். 1953இல் செய்த 'நத்தை' கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரம்! சின்னப் பிள்ளைகளுக்கு இவரைவிடப் பொருத்தமான ஓவியர் இல்லை என்பேன். கோடு நேராக வரவில்லையே என்ற பயமே இதில் கிடையாது.

முதலில் தாள் முழுக்க ஒரே வண்ணம். அது காயும் நேரத்தில் வெளியே போய்ப் பப்பாளி இலை, மரவள்ளி இலை, செம்பனை ஓலை எல்லாம் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் பார்த்த வடிவத்தைக் கோடு போடாமல் நேரடியாக வெட்டுவார்கள். ஒட்டுவதற்கு முன் துண்டுகளை நகர்த்தி நகர்த்திப் பார்க்க நிறைய நேரம் கொடுப்போம். படம் உருவாவது அங்கேதான்.

கூட வரும் பெற்றோர் தயவுசெய்து வெட்டிக் கொடுக்காதீர்கள். கோணல் இலை கோணலாகவே இருக்கட்டும்.

முனை மழுங்கிய கத்தரிக்கோல், பின்பக்கம் வெள்ளையான பழைய நாள்காட்டித் தாள், கறை பட்டாலும் பரவாயில்லாத சட்டை போதும். வண்ணமும் பசையும் இங்கே இருக்கும். பிள்ளைக்கு இடக்கைப் பழக்கம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்கேற்ற கத்தரிக்கோல் வாங்கி வைக்கிறேன்.