ஊருணிக் கரையில் முழங்கை ஆழக் குழி போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மழை தொடங்கியதும் நம் செட்டிநாட்டு ஊருணிக் கரைகளில் மரக்கன்று நடுகிறார்கள். முழங்கை ஆழத்தில் குழி, ஒரு குடம் தண்ணீர், ஒரு போட்டோ. சித்திரையில் குச்சிதான் மிஞ்சுகிறது. கன்று பிழைத்தாலும் அந்தக் குழியில் வேர் இறங்காது. வேர் இறங்காத மரம் மண்ணுக்குள் தண்ணீரை நகர்த்தாது.

பகலில் இலை இழுக்கிற இழுப்பில் நீர் மேலேறுகிறது. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, இழுப்பு தளர்கிறது. அப்போது ஆழத்து ஈரம் வேர் வழியாகவே காய்ந்த மேல்மண்ணுக்கு வந்து, சல்லிவேர்களிலிருந்து கசிகிறது. 1987-இல் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற இருவர் அமெரிக்காவின் யூட்டா வறள்நிலத்துப் புதர்ச்செடிகளில் இதை அளந்து காட்டினார்கள். வளர்ந்த மேப்பிள் மரம் ஒன்று ஓர் இரவில் சுமார் 100 லிட்டர் ஏற்றியதாகவும் கணக்கு உண்டு. நல்ல மழை பெய்து மேல்மண் நனைந்துவிட்டால் ஓட்டம் திரும்பி, அதே வேர் நீரைக் கீழே இறக்கும்.

இதைப் புதுத் தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதியை விடிந்ததும் மரமே குடித்துவிடும். பக்கத்துச் செடிக்குக் கொஞ்சம் கிடைக்கும். துவரைக்குப் பக்கத்தில் நிற்கும் கேழ்வரகுக்கு இப்படி ஈரம் கிடைப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. நெருக்கி விதைத்தால் உதவி போய்ப் போட்டிதான்.

ஆக, ஒரு வேராவது ஆழத்து ஈரத்தைத் தொட்டாக வேண்டும். நம் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டியதுமே செம்புறாங்கல் தட்டுகிறது. வேர் அதில் முட்டி, பக்கவாட்டில் படர்ந்து நின்றுவிடும். மூன்றடி நீள அகலத்தில் மூன்றடி ஆழம் எடுங்கள். அடியைக் கடப்பாரையால் குத்தி இன்னும் ஓர் அடி உடையுங்கள். இயந்திரத்தால் ஈரத்தில் தோண்டிய குழியின் சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாக இருக்கும். அதையும் கொத்திவிட வேண்டும், இல்லையென்றால் வேர் குழிக்குள்ளேயே சுற்றும். நாற்றுப்பையைக் கிழித்து அடிவேரைப் பாருங்கள். நுனி சற்றே சுருண்டிருந்தால் பிளேடால் ஓர் அங்குலம் நறுக்கலாம். ஆணிவேர் கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருந்தால் அந்தக் கன்றே வேண்டாம்.

தினமும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும். கன்று பிடித்த பிறகு வாரம் ஒருமுறை 20 லிட்டர், தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டப் பாத்தியில். கிளை விரிய விரியப் பாத்தியும் வெளியே நகர வேண்டும். சல்லிவேர் அங்கேதான் அதிகம்.

இன்னொன்று. கரையை அழகுபடுத்துகிறோம் என்று வேம்பு, மருதமரத் தூரை ஒட்டிப் பேவர் பிளாக் பதிக்கிறார்கள். மழை கல்லில் வழிந்தோடிவிட்டால் அடியிலுள்ள வேர் எதைக் கீழே இறக்கும்? தூரைச் சுற்றி நாலடியாவது வெறும் மண்ணாக விடும்படி ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பதித்த பிறகு யாரும் பெயர்ப்பதில்லை.

இப்படிக்கு,
மரம் வளர்ப்போர்,
காரைக்குடி வட்டாரம்