கட்டுரைகள் கூடினவா, பட்டியல் நீண்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் நாடுகளில் ஆய்வுக் கட்டுரைகள் பெருகுகின்றன என்று அடிக்கடி செய்தி வருகிறது. எண்ணிக்கை இருக்கும், எப்படி எண்ணினார்கள் என்பது இருக்காது.

2008இல் பிரேசிலின் கட்டுரைகள் ஒரே ஆண்டில் சுமார் 19 ஆயிரத்திலிருந்து 30 ஆயிரத்துக்கு ஏறின. உலகில் 13ஆம் இடம் என்று அந்நாட்டு அரசே பெருமையாக அறிவித்தது. ஆய்வுக்கூடங்களில் அந்த ஓராண்டில் அப்படி எதுவும் நடந்துவிடவில்லை. ஆய்விதழ்களின் கட்டுரைகளைப் பட்டியலிடும் வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளம் அந்தச் சமயத்தில்தான் வட்டார இதழ்களைக் கொத்தாகச் சேர்த்துக்கொண்டது. பிரேசில் இதழ்களில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த கட்டுரைகள் கணக்கில் ஏறின. ஏற்றத்தில் பெரும்பகுதி அதுதான்.

இதற்கு வழி உண்டு. பத்தாண்டுப் போக்கு வேண்டுமானால், பத்தாண்டும் விடாமல் தரவுத்தளத்தில் இருந்த இதழ்களைத் தனியே பிரித்து அவற்றில் மட்டும் எண்ணுங்கள். அதில் புதிய இதழ்கள் விடுபடும் என்பதால், மொத்த எண்ணிக்கையின் கோட்டையும் அதே வரைபடத்தில் போட வேண்டும். இரண்டு கோடுகளும் எங்கே விலகுகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாநாட்டுக் கட்டுரைகளைச் சேர்க்காதீர்கள். ஒரே தொகுப்பில் நூற்றுக்கணக்கில் வந்து விழும். 2010களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவின் பாய்ச்சலுக்கு அவையே பெரிய காரணம். கடைசி ஆண்டையும் விட்டுவிடலாம். பதிவேற்றம் மாதக்கணக்கில் தாமதமாவதால், அங்கே எல்லா நாடும் சரிந்ததுபோலத் தெரியும்.

பல நாட்டார் சேர்ந்து எழுதும் கூட்டுக் கட்டுரைகள் இன்னொரு சிக்கல். ஹிக்ஸ் என்ற நுண்துகளின் நிறை பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். முழு எண்ணிக்கை முறையில், ஒரே ஒருவர் பங்கேற்ற நாட்டுக்கும் முழுதாக ஒன்று கிடைத்துவிடும். பின்ன முறையில் நான்கு நாட்டார் எழுதினால் நாட்டுக்குக் கால். சிறிய நாடுகளின் இடம் இதில் தலைகீழாக மாறுவதுண்டு.

தேடும்போதும் கவனம் தேவை. முகவரியில் 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் தட்டி, அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடும் நட்சத்திரக் குறி போட்டால் அமெரிக்காவின் இண்டியானாவும் உள்ளே வந்துவிடும். 'நைஜர்' என்று தட்டி அதே குறி போட்டால் நைஜீரியா முழுவதும் வரும். வியட்நாமை ஸ்கோபஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் இரண்டு சொல்லாக எழுதுகிறது, வெப் ஆஃப் சயின்ஸ் ஒரே சொல்லாக.

இனி இப்படியான அட்டவணை வெளியிடும்போது தரவுத்தளத்தின் பெயர், தரவு எடுத்த தேதி, முழு எண்ணிக்கையா பின்னமா என்ற மூன்றையும் அடியில் ஒரு வரியில் அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நூலகத் தகவல் அறிவியல் துறை வாசகர்கள்