மியூனிக் போகிறவனுக்கு

அன்புள்ள சீனு,

பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? மே மாதம் மகனிடம் மியூனிக் போவதாக எழுதியிருந்தாய். முதல் நாளே ஹோஃப்பிராய்ஹவுஸுக்கு அழைத்துப்போவான், போய்விட்டு வா. 1589-ல் பவேரியக் கோமகன் ஐந்தாம் வில்ஹெல்ம் தன் அரண்மனைக்காகத் தொடங்கிய பியர் வடிசாலை அது. 1828-ல்தான் ஊர்க்காரர்களையும் உள்ளே விட்டார்கள். இப்போதுள்ள பெரிய கூடம் 1897-ல் வந்தது. ஹிட்லர் 1920 பிப்ரவரியில் தன் கட்சித் திட்டத்தை வாசித்ததும் அங்கேதான். இன்று சுற்றுலாக் கூட்டமும் பித்தளை வாத்தியமும்தான். ஒரு மணி நேரம் தாராளம்.

சாயங்காலத்தை அர்னுல்ஃப் தெருவிலுள்ள அவுகுஸ்டினர் கெல்லர் என்ற பியர் தோட்டத்துக்கு ஒதுக்கிவிடு. மரத்தடியில் பியர் விற்கும் வழக்கமே ஒரு தடையால் வந்ததுதான். வெயில் காலத்தில் வடித்தால் பியர் கெட்டுவிடும், உலைத் தீயால் ஊரும் பற்றிக்கொள்ளும் என்று 16-ஆம் நூற்றாண்டில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை வடிப்பதைத் தடுத்தார்கள். அதனால் மார்ச்சிலேயே சற்றுக் காட்டமாக வடித்து, நிலவறையில் ஐஸ் பாளங்களோடு அடுக்கினார்கள். மேலே சரளை கொட்டி, குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். இலை அகலம், நிழல் அடர்த்தி. வேர் ஆழமாக இறங்கி நிலவறைக் கூரையைப் பிளக்காது. அந்த நிழலிலேயே விற்பனையும் தொடங்க, ஊருக்குள் கடை வைத்திருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1812-ல் மன்னர் முதலாம் மாக்ஸ் யோசெஃப் பஞ்சாயத்து பண்ணினார்: பியர் விற்கலாம், தின்ன ரொட்டி மட்டுமே தரலாம். ஆகவே வருகிறவர்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள். இன்றும் விரிப்பில்லாத மேசையில் கட்டுச்சோறு பிரிக்கலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்கவேண்டும். மருமகளிடம் எலுமிச்சைச் சாதம் கட்டித் தரச் சொல்.

அங்கே 200 லிட்டர் மரப் பீப்பாயை ‘ஹிர்ஷ்’ என்பார்கள். புதிதாக ஒன்றைத் திறந்தால் மணி அடிப்பார்கள். உடனே எழுந்து போ. திறப்பதே ஒரு கைவேலை. கீழ்த் துளையில் குழாயை வைத்து மரச் சுத்தியால் ஓங்கி அடிக்கவேண்டும். பயந்து பயந்து தட்டினால் குழாய் முழுதாக இறங்காது, பியர் பீச்சியடித்து ஆளையே நனைத்துவிடும். பிறகு மேலே காற்றுத் துளையைத் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஒழுக்கு நின்றுபோகும். திறந்தால் வாயு மெல்லக் கழன்று, சில மணி நேரத்தில் பியர் சப்பென்றாகிவிடும். பீப்பாய் விறுவிறுவென்று காலியாகும் கடைக்குத்தான் மரம் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு எஃகுப் பீப்பாயும் கரியமில வாயுவும்தான். வாயு குறைவு என்பதால் மரத்துப் பியர் தொண்டையில் குத்தாது, எனக்கு அதுதான் உசத்தி.

ஒரு ‘மாஸ்’ பியர் என்றால் முழு லிட்டர். நுரை அடங்கியதும் கண்ணாடியிலுள்ள கோட்டைப் பார். குறைந்தால் கூசாமல் நிரப்பச் சொல். குறைத்து ஊற்றுவதை எதிர்க்க அந்த ஊரில் ஒரு சங்கமே இருக்கிறது. ‘ஸ்டாம்டிஷ்’ என்று பலகை வைத்த மேசை வழக்கமாக வருகிறவர்களுடையது, அதில் உட்காராதே. மற்ற எந்த மேசையிலும் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர் பக்கத்திலும் உட்காரலாம். குவளைக்கு முன்பணம் பிடித்து வில்லை தந்தால் பத்திரமாக வைத்துக்கொள், திருப்பித் தரும்போது கேட்பார்கள்.

அன்புடன்,
முத்து